மண்ணும் மூச்சும்

மண்ணால் உருவான மனிதனுள் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்கிறது தொடக்கநூல். மயிலையிலும் தியாகராய நகரிலும் நம் வீடுகளுக்குக் கருங்கல் அறுக்கும் தொழிலாளியோ, மூச்சோடு கல்தூசியையும் இழுக்கிறார். முகத்தில் கட்டிய துண்டையும் கடந்து சிலிக்கா நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தழும்பாகின்றன. அதுவே சிலிக்கோசிஸ். அதைக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் நீர் பாய்ச்சி அறுப்பதாலும் தகுந்த முகக்கவசத்தாலும் தடுக்கலாம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நம் வீட்டு வாசல் தொழிற்சாலையன்று. எனவே பொறுப்பு நம்முடையதே. "அவர் இசைந்துதானே வந்தார்?" என்போம். பசி தந்த இசைவு உரிமையாகுமா? உழைப்பு மனிதனுக்காகவே என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் கற்பித்தார்.

புதுவீட்டை மந்திரிக்கக் குருவானவரை அழைக்குமுன், கல் அறுத்தவரின் மூச்சைக் காத்தோமா என்று நம் மனச்சான்றைக் கேட்போம்.