தொலைவிலிருந்து வைத்தியம்



2020 மார்ச் 25-ல் இந்திய அரசாங்கம் வெளியிட்ட தொலைமருத்துவ விதிகள், நேரில் பார்க்கும் டாக்டருக்குள்ள அதே ஒழுக்கநெறி தொலைபேசியில் பார்ப்பவருக்கும் உண்டென்கின்றன. நல்லது. ஆனால் வலது அடிவயிற்றில் வலியென்று பிள்ளை துடித்தால், வைத்தியர் அவ்விடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். குடல்வால் அழற்சியோவென்று ஊகிக்க அது உதவும். திரையை அழுத்தி என்ன அறிவது? "இங்கிருந்து சொல்ல இயலாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்பதே அப்போது வைத்தியம். அதைத் தீர்மானிக்கும் உரிமையை விதிகளும் அவருக்கே தருகின்றன.

நாமோ, கட்டணம் கொடுத்தோமே, ஒரு மாத்திரையாவது எழுதக்கூடாதா என்று முணுமுணுக்கிறோம். (மருந்தெழுதாத டாக்டரை நம்மில் யார் மதிக்கிறோம்!) அதற்கஞ்சி, அறியாததை அறிந்தவர்போல் எழுதிக்கொடுப்பவர் பொய்ச்சாட்சி சொல்பவரே. எனினும், மலைக்கிராமத்தானுக்கு நேரில் வருவதென்றால் ஒருநாள் கூலி போகும். ஆகவே எங்கே, யாரிடம் போகவேண்டுமென்றும் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.