மறுபிறவியில் ஆணா, பெண்ணா?

மறுபிறவி என்பது மதவாதியின் கைச்சரக்கு. இப்பிறவியில் உழைத்தவனுக்குக் கூலி தராது, அப்பிறவியில் தருவதாக எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு அது. இதில் நமக்கு ஐயம் ஏதுமில்லை. அப்படியிருக்க, மறுபிறவி பற்றிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இங்கே பேச முற்படுகிறோமே, ஏன் என்று தோழர்கள் திகைக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் புராணிகர்கள் அல்லர், புள்ளியியல் அறிஞர்கள். கேட்ட இடம் கதாகாலட்சேப மேடையன்று. ஜப்பான் நாட்டின் ஊர்களும் வீடுகளும்.

போரில் தோற்று, ஏழாண்டுக் காலம் அயலார் ஆதிக்கத்தில் கிடந்து, 1952இல் விடுபட்ட நாடு ஜப்பான். அடுத்த ஆண்டே, அங்குள்ள புள்ளியியல் கணித நிலையம் மக்களின் மனப்போக்கை அளக்கப் புறப்பட்டது. 1953 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஆய்வு நடந்து வருகிறது. குடும்பம் தழைக்கத் தத்துப்பிள்ளை வேண்டுமா? சரியென்று தோன்றுவது வழக்கத்துக்கு மாறாக இருந்தாலும் செய்வாயா? இப்படி அன்றாட வாழ்வின் அடித்தளத்தைத் தொடும் கேள்விகள்! அவற்றுள் ஒன்றுதான், மீண்டும் பிறப்பதானால் ஆணாகவா, பெண்ணாகவா என்பது.

1958ஆம் ஆண்டு ஜப்பானியப் பெண்கள் தந்த விடை என்ன? நூற்றுக்கு 64 பேர் ஆணாகப் பிறக்க வேண்டும் என்றனர். பெண்ணாகவே பிறப்போம் என்றவர் 27 பேர். 2013ஆம் ஆண்டில் அதே கேள்விக்குப் பெண்ணாகவே பிறப்போம் என்றவர் 71 பேர்! ஆண்களோ, அன்றும் பத்தில் ஒன்பது பேர் ஆணாகவே பிறக்க விரும்பினர். 2013இலும் ஏறத்தாழ அப்படியே விரும்பினர்.

இந்த இடைக்காலத்தில் பெண்ணின் உடலமைப்பு மாறிவிட்டதா? இயற்கை தன் விதியைத் திருத்திக்கொண்டதா? இல்லை. மாறியது வாழ்வு. கல்வி வந்தது, சம்பளம் வந்தது, சட்டத்தில் சமத்துவம் எழுதப்பட்டது, வீட்டு வேலையைப் பொறி ஏற்றது. பெண்ணாய்ப் பிறப்பதே பாவம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதே, அந்தப் பாவம் பிறப்பில் இருந்ததில்லை, பிறந்தவளை நடத்திய விதத்தில் இருந்தது என்பதை ஒரு கணக்கு காட்டிவிட்டது. பெண் இன்னும் முழுச் சமத்துவம் பெறாத நாடுதான் ஜப்பான். எனினும் ஐம்பத்தைந்து ஆண்டு மாறுதல் அந்த விடையில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

இதே கேள்வியை நம் தருமபுரி மாவட்டத்திலே கேட்டால்? பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும், அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும், களையெடுத்துத் திரும்பும் தாய்மாரை நிறுத்தி, "அம்மா, இன்னொரு பிறவி உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள், என்னவாகப் பிறப்பீர்கள்?" என்று கேட்டால்? விடை எதுவென நாம் முன்கூட்டி எழுதிவிட மாட்டோம். ஆனால் வாயால் சொல்லும் விடை ஒன்று, வாழ்வால் சொல்லும் விடை வேறொன்று என்பதை இந்த மாவட்டம் நமக்குக் கசப்போடு கற்பித்திருக்கிறது.

2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். மாவட்டத்தின் இன்றைய எல்லைப்படி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குப் பெண் 826. இயற்கை தருவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 950. மீதிப் பெண்கள் எங்கே? கருவிலே கண்டறிந்து கலைத்தது போக, கண் திறந்த பிறகு கள்ளிப்பால் ஊட்டியது போக எஞ்சியதல்லவா அந்த எண்? 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தருமபுரிக்கும் 2001இல் நீட்டிக்க நேர்ந்ததே, எந்தத் தேவையால்?

கணக்கெடுப்பாளர் ஒருவர் வீடு வீடாகச் சென்று, "பெண் குழந்தையைக் கொல்வது சரியா?" என்று கேட்டிருந்தால், யார் சரி என்றிருப்பார்? ஒருவருமில்லை. "பெண் வீட்டின் விளக்கு", "பெண்ணே மகாலட்சுமி" என்று வாய் மணக்கப் பேசியிருப்பர். வாய் மணந்தது, தொட்டில் காலியாயிற்று!

2011இல் அந்த எண் 913 ஆக உயர்ந்தது. பத்தாண்டில் 87 கூடியது. மகிழ்கிறோம். எனினும் அதே ஆண்டில் தமிழ்நாட்டு எண் 943. மகிழ்ச்சியை முழுமையாக்கவிடாமல் அந்த முப்பது நம்மை உறுத்துகிறது.

படிப்பு பரவிவிட்டால் இந்தப் பாழ் ஒழிந்துவிடும் என்று சில நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். 2011 கணக்கில் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் கடைசி இடம் தருமபுரிக்கு. ஆகவே படிப்பு வேண்டும், மிக வேண்டும். ஆனால் படிப்பு மட்டும் போதுமா? மீண்டும் ஜப்பானைப் பாருங்கள்.

1964இல் அதிவேக இரயிலை ஓட்டி உலகை வியக்கவைத்த நாடு அது. எழுதப் படிக்கத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த நாட்டில் 1965இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 23 ஆயிரம். 1966இல் பிறந்தவை 13 இலட்சத்து 60 ஆயிரம். 1967இல் 19 இலட்சத்து 35 ஆயிரம். நடுவில் நின்ற ஆண்டில் மட்டும் நாலில் ஒரு பங்கு சரிவு! பஞ்சமா? கொள்ளைநோயா? போரா? எதுவுமில்லை. 1966 அவர்கள் பஞ்சாங்கப்படி நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு எமனாவாள் என்பது பழங்கால நம்பிக்கை. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று இங்கே சொல்கிறார்களே, அதன் உடன்பிறப்பு!

இதில் நம்பிக்கையுண்டா என்று தனித்தனியே கேட்டால், பலரும், "எனக்கில்லை, ஆனால் நாளைக்கு என் மகளைக் கட்ட வருகிறவன் நம்பினால் என்ன செய்வது?" என்றுதான் சொல்லக்கூடும். ஒவ்வொருவரும் அடுத்தவரின் மடமைக்கு அஞ்சி, அதே மடமைக்குப் பல்லக்குத் தூக்குகின்றனர். மூடநம்பிக்கையின் வலிமை இங்கேதான் இருக்கிறது. நம்புகிறவன் இல்லாமலும் அது வாழும். எதிர்த்து நிற்கிறவன் இல்லாவிட்டால் போதும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டு, 2026இல் மீண்டும் வருவது. ஒரு தலைமுறை பகுத்தறிவில் வளர்ந்ததா, வசதியில் மட்டும் வளர்ந்ததா என்பதற்கு அது ஓர் உரைகல்.

இனிச் சாதிக்கு வருவோம். 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை, பியூ ஆராய்ச்சி மையம் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கருத்துக் கேட்டது. கடந்த ஓராண்டில் சாதியால் இழிவுக்கு ஆளாகவில்லை என்றவர் நூற்றுக்கு 82 பேர். படித்தவுடன், சாதி செத்துவிட்டது என்று கொட்டு முழக்கத் தோன்றும். அடுத்த விடையையும் படியுங்கள். நம் சமூகத்துப் பெண்கள் வேறு சாதியில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர் 64 பேர்! ஆண்களைத் தடுப்பது முக்கியம் என்றவர் 62 பேர். இழிவு இல்லையாம், வேலி மட்டும் வேண்டுமாம்!

2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு இன்னும் நுட்பமாகக் கேட்டது. "உங்கள் வீட்டில் தீண்டாமை உண்டா?" என்பது முதற்கேள்வி. இல்லை என்றவர்களை விட்டுவிடவில்லை. "தாழ்த்தப்பட்டவர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா? உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தலாமா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை என்று மார் தட்டியவர்களில் ஒரு பகுதியினர் அடுப்படி வாசலில் அகப்பட்டுக்கொண்டனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவில் நூற்றுக்கு 27 வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை! கொள்கையைக் கேட்டால் கூடத்து விடை வரும். குவளையைக் கேட்டால்தான் உள்ளத்து விடை வரும்.

தருமபுரிக்கு இந்தப் பாடம் புள்ளிவிவரமாக மட்டும் வரவில்லை, நெருப்பாக வந்தது. 2012 நவம்பர் 7ஆம் நாள், நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் தாழ்த்தப்பட்ட மக்களின் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. சாதி கடந்து இருவர் மணந்துகொண்டதை ஏற்க மனமில்லாமல் மூண்ட தீ. தீ வைத்தவர்கள் அதற்கு முந்திய நாள் வரை அதே தேநீர்க் கடைச் சாலையில் நடந்தவர்கள், அதே பேருந்தில் பயணம் செய்தவர்கள். "எல்லாரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறோம்" என்பது அதுவரை ஊர் தந்த விடை. திருமணம் என்ற ஒரு கேள்வி எழுந்ததும் அந்த விடை எரிந்து சாம்பலாயிற்று.

இங்கேதான் அறத்தின் கேள்வி பிறக்கிறது. பெரும்பான்மையோர் ஒன்றைச் சரி என்கின்றனர் என்பதால் அது சரியாகிவிடுமா?

"மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு" என்பவர் உண்டு. யார் ஆளுவது என்பதற்கு அந்த முறையே தக்கது. நாம் அதற்குத் தலைவணங்குகிறோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகுதியாக, 81.20 விழுக்காடு வாக்களித்த தொகுதி தருமபுரி. கருத்துச் சொல்லத் தயங்காத மக்கள்! ஆனால் ஒரு பெண் யாரை மணப்பது, ஒரு மனிதன் எந்தக் குவளையில் குடிப்பது என்பவை ஊர் கூடி வாக்கெடுக்கும் செய்திகள் ஆகா. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அன்று நாடெங்கும் கருத்துக் கணக்கு எடுத்திருந்தால் அந்தத் தீர்மானத்துக்கு எத்தனை கைகள் உயர்ந்திருக்கும்? விரல் விட்டு எண்ணலாம். அறுபது ஆண்டுக்குப் பின், 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பங்கு உண்டென்று சட்டம் வந்தது. 1929இல் குறைவாக இருந்தது ஆதரவு. நியாயம் அன்றும் முழுமையாகவே இருந்தது.

அப்படியானால் மக்கள் கருத்தைக் கேட்பதே வீண், அறிந்த சிலர் ஆணையிட்டால் போதும் என்று முடிவு கட்டலாமா? அதுவும் தவறு. ஆணையிட்டு மாற்றுவது ஆரியம் செய்த வேலை. அறிவூட்டி மாற்றுவது நம் வேலை. நோய் எங்கே என்று அறியாதவன் மருந்து கொடுப்பது எப்படி? 826 என்ற எண் வெளிவராதிருந்தால், காணாமற் போன பெண் மக்களைப் பற்றிப் பேசியவரைப் பித்தன் என்றிருப்பர். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். காட்டியதற்காக அதை உடைப்பதும் பேதைமை. அது காட்டிய அளவே உடலின் இயல்பு என்று இருந்துவிடுவதும் பேதைமை.

நம்மை மிகவும் துன்புறுத்தும் ஒரு விடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019 முதல் 2021 வரை நடந்தது. கணவன் மனைவியை அடிப்பது எப்போது நியாயம் என்று ஏழு காரணங்களை அடுக்கிக் கேட்டது. ஏதேனும் ஒரு காரணத்துக்காக அடிக்கலாம் என்ற ஆண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 44 பேர். பெண்கள்? 45 பேர்!

"பார்த்தீர்களா, பெண்களே ஒப்புகின்றனர், நீங்கள் யார் குறுக்கே வர?" என்று பழமை விரும்பி பல்லிளிக்கிறான். அவனுக்கு நம் விடை இது. அந்தத் தாய் அறிவிலி அல்லள். தன் பெயரில் ஒரு காணி நிலமில்லை, கைக்கு வரும் கூலி தன் கையில் நிற்பதில்லை, பிறந்த வீட்டுக்குப் போனால் "விதி, பொறுத்துக்கொள்" என்பர். போக இடமில்லாதவள், இருக்கும் இடத்தை நியாயமென்று எண்ணிக்கொண்டுதான் உயிர் வாழ முடியும். அவள் சொன்னது ஒப்புதல் அன்று; வழி அடைபட்டதன் வாக்குமூலம். வழியைத் திறந்துவிட்டுப் பிறகு கேளுங்கள். ஜப்பானியப் பெண்ணின் 27 எப்படி 71 ஆயிற்று என்பதைக் கண்டோமே, அதுதான் சான்று. அதுமட்டுமன்று, தொண்ணூற்றொன்பது பெண்கள் அடி நியாயம் என்றாலும், மறுக்கும் அந்த ஒருத்தியின் உடல் அவளுடையதே. அதன்மேல் கை வைக்கும் உரிமையைத் தொண்ணூற்றொன்பது வாக்குகளும் எவனுக்கும் வழங்க இயலாது.

வாழ்வை மாற்றினால் விடை மாறும் என்பதற்கு அருகிலேயே ஓர் அடையாளம் உண்டு. ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல் கறைபட்டு, எலும்பு நொந்த மக்கள் இந்த மாவட்டத்தார். "எங்கள் ஊர்ப் பல்லே இப்படித்தான்" என்றிருந்த காலமும் உண்டு. தலையெழுத்து என்று எண்ணியது, தண்ணீரில் கலந்த உப்பின் வேலை என்று அறிவியல் காட்டியது. ஜப்பானின் கடனுதவியோடு, 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் குழாய்க்குக் கொண்டுவந்தது. கறையைத் தெய்வம் தரவில்லை. ஆகவே தெய்வம் போக்கவுமில்லை. மனத்தின் கறைகளும் அத்தகையனவே.

தருமபுரி இளைஞனே! கணக்கெடுப்பாளர் உன் வாசலுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டா. இன்றே உன் வீட்டில் கணக்கெடு. கடைசியில் உண்பவர் யார்? நிலப் பத்திரத்தில் பெயர் யாருடையது? தங்கையின் படிப்பு எந்த வகுப்போடு நின்றது, யார் நிறுத்தியது? உடன் உழைக்கும் தோழனுக்கு உன் வீட்டுச் சமையலறை வரை வழியுண்டா, திண்ணையோடு சரியா? உன் அக்காள் சாதி கடந்து ஒருவனை விரும்பினால் நீ எந்தப் பக்கம் நிற்பாய்? விடைகளை வாயிடம் கேளாதே. அடுப்படியையும் பத்திரத்தையும் பள்ளிப் பதிவேட்டையும் கேள். அவை பொய் சொல்லா.

கேட்ட பிறகு, ஜப்பானிய ஆய்வு 1953 முதலே கேட்டு வரும் அந்த மற்றொரு கேள்வியை உன்னையே கேட்டுக்கொள்: சரியென்று அறிந்ததை, ஊர் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலும் செய்வாயா? விடையை எந்தத் தாளிலும் எழுத வேண்டியதில்லை. நாளைக் காலை உன் வீட்டில் எழுது.