சைவருக்குத் திபெத்திய மொழியா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிவஞானசித்தியார் பரபக்கத்தைப் பாடம் கேட்டபோது, அங்கே மறுக்கப்படும் பௌத்தரின் நூல்களையும் படித்துப் பார்க்க ஆசை வந்தது. பல நூல்கள் திபெத்திய மொழியில்தான் எஞ்சியுள்ளனவாம். அம்மொழியைக் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? சைவருக்கு இது தகுமா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: தாராளமாகத் தகும், அம்மா. பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்ற நால்வர் கொள்கையையும் எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கிறார். காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்று நூல்கள் சொல்லும் பௌத்த அறிஞர் திங்நாகரின் 'பிரமாணசமுச்சயம்' முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில்தான். நம் பக்கத்து அறிஞரைப் படிக்க இமயம் வரை போக வேண்டியிருக்கிறது!

முதலில் ஸ்டீபன் ஹாட்ஜ் எழுதிய அறிமுக நூலை வாங்குங்கள். அளவில் சிறியது, எழுத்திலிருந்து தொடங்கிப் பாடம் பாடமாகப் போகும். அதை முடித்த பின் ஜோ வில்சனின் 1992ஆம் ஆண்டு நூலுக்குப் போகலாம். மிகப் பெரியது, ஆனால் திபெத்திய மடங்களில் பயிலும் தத்துவச் சொற்களை வரையறையோடு கற்பிப்பதால் உங்கள் நோக்கத்துக்கு அதுவே பொருந்தும். அதே ஆண்டில் வந்த ஸ்டீபன் பேயர் எழுதிய இலக்கணம் ஆழமானது. ஆனால் திபெத்திய எழுத்தை விட்டு ரோமன் எழுத்திலேயே எழுதப்பட்டது, தொடக்கத்துக்கு வேண்டாம்.

மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளவை. ஆங்கிலேயருக்குச் சிரமமான இடம் உங்களுக்கு எளிது: தமிழைப் போலவே திபெத்தியத்திலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் நிற்கும். இரண்டு இடங்களில் மட்டும் நின்று படியுங்கள். பண்புச்சொல் பெயருக்குப் பின்னே வரும். செயப்படுபொருள் குன்றாவினையில் எழுவாய் பெரும்பாலும் நம் மூன்றாம் வேற்றுமை போன்ற உருபை ஏற்கும். 'அரசனால் நூலைப் படித்தான்' என்பதுபோல் இருக்கும். இது பழகிவிட்டால் பாதி மலைப்பு போய்விடும்.

உங்கள் ஊர் குமாரசாமிப் புலவர் (1854-1922) சமஸ்கிருதக் காவியமான மேகதூதத்தைக் காரிகையாகத் தமிழில் தந்தவர். அதே காவியம் திபெத்தியரின் தெஞ்சூர் தொகுப்பிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. ஓரளவு தேர்ந்த பின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அகராதிக்குச் சரத் சந்திர தாஸ் 1902இல் வெளியிட்டதைத் தேடுங்கள். சமஸ்கிருதச் சொற்களையும் சேர்த்துத் தருவதால், சித்தாந்த நூல்களில் பழகிய உங்களுக்குப் பல சொற்கள் உடனே பிடிபடும். இந்தியாவில் மறுபதிப்பு வந்திருக்கிறது.