மணல் எவருடையது?

நமக்குத் தெற்கே திருக்கோவிலில் இல்மனைட் மணலை அகழும் முயற்சியை 2018 இல் ஊரார் எதிர்த்தனர். மணல் அரசுக்குரியது, வருவாய் நாட்டுக்குரியது என வாதிப்போர் உளர். மணல் ஓரிடத்தே கிடக்கும் பொருளன்று, அலையோடு நடப்பது. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புகள் மணலின் வழியை மறிக்கவே, வடக்கே நிந்தவூர்ப் பக்கம்வரை கடல் கரையை அரித்தது. வழி மறித்ததற்கே இவ்வளவு! அள்ளிக்கொண்டே போனால்?

பொதுவுடைமையை விரும்பும் நாம் இங்கே தயங்குகிறோம். புல்மோட்டை மணலுக்கென 1957 இல் எழுந்ததும் அரசுக் கூட்டுத்தாபனமே. அகழ்வது கம்பெனியாயினும் அரசாயினும், கரைவலை இழுப்பவனின் சம்மதம் பெறப்பட்டாக வேண்டும். 1982 இன் கடற்சட்ட சாசனம் நாட்டெல்லைகளுக்கு அப்பாற்பட்ட ஆழ்கடற்படுக்கையை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது, நல்ல வாசகந்தான். அதனை ஆராயும் ஒப்பந்தங்களை வழங்கும் சபையோ ஜமேக்காவின் கிங்ஸ்டனில் கூடுகிறது. கல்முனைத் தோணிக்காரனும் மனிதகுலத்தவன் அன்றோ? அரசுகளுக்கே அங்கு ஆசனம்.