யாரைக் கேட்டுத் தொண்டு?

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறிச் செல்ல இரு பாதைகள் உள்ளன. ஒன்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட ஏற்காட்டுச் சாலை. மற்றொன்று, குப்பனூரில் பிரிந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் சாலை. கோடை விடுமுறையில் ஏரியையும் மலர்க் கண்காட்சியையும் காணச் செல்வோர் பெரும்பாலும் முதற் பாதையையே அறிவர். காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் மலைமக்களின் சிற்றூர்களைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. அவ்வாறு தேடிச் செல்லும் சிலருள் நம் பிள்ளைகளும் இருக்கக்கூடும். இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பமும் ஆகும். ஆனால், அவர்கள் அங்கே சென்று என்ன செய்வார்கள், எந்த உரிமையில் செய்வார்கள் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நல்ல காரியந்தானே, அதற்கென்ன உரிமை வேண்டும் என்று விட்டுவிடுகின்றோம். அந்த வினாவையே இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அன்று 37 பல்கலைக் கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 40,000 மாணவர்கள் அதில் இடம்பெற்றனர். இன்று அது பல இலட்சம் மாணவர்களைக் கொண்ட பேரமைப்பாக வளர்ந்துள்ளது. ஈராண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் நடைமுறை. ‘எனக்காக அன்று, உனக்காக’ என்னும் கருத்தே அதன் முழக்கம். உயர்ந்த கருத்துத்தான், ஐயமில்லை. எனினும், ‘உனக்காக’ என்று சொல்பவன், அந்த ‘உன்’னிடம் ஒரு சொல் கேட்டானா என்பதை அம்முழக்கம் நமக்குச் சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். முப்பது மாணவர்கள் மலையூர் ஒன்றுக்குச் செல்கின்றனர். ஊருக்கு நூலகம் அமைப்பது என்று கல்லூரியிலேயே தீர்மானித்தாயிற்று. பழைய புத்தகங்கள் திரட்டியாயிற்று. ஏழு நாளில் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அலமாரி வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் அறை பூட்டிக் கிடக்கின்றது. சாவி யாரிடம் என்று ஊராருக்கே தெரியவில்லை. அவ்வூர் மக்கள் வேண்டியிருந்தது நூலகமன்று. கோடையில் வற்றாத ஊற்றுக்குப் போகும் வழியைச் சீர்செய்து தருவது. அதை அவர்கள் சொல்லவில்லையா? கேட்டவர் யார், சொல்வதற்கு!

இங்கே யாருடைய நிய்யத்தும் கெட்டதன்று. மாணவர்கள் மனமுவந்து உழைத்தனர். ஆயினும் ஒரு தவறு நேர்ந்திருக்கின்றது. நல்லெண்ணம் ஒரு செயலுக்கு வேராகலாம். ஆனால், பிறர் வாழ்வுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது.

இதனை மிகக் கடுமையாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து, பாதிரியாராகவும் சிந்தனையாளராகவும் விளங்கிய இவான் இல்லிச், 1968 ஏப்ரலில் மெக்சிகோ நாட்டின் குவெர்னவாக்கா நகரில், அந்நாட்டுக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் உரையாற்றினார். பாராட்டை எதிர்பார்த்திருந்த மாணவர்களிடம் அவர் கூறியதன் சாரம் இதுதான்: நீங்கள் இங்கே பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள்; உதவி செய்ய மட்டும் வராதீர்கள். உங்கள் மொழியை அவர்கள் அறியார். அவர்கள் மொழியை நீங்கள் அறியீர். அவர்கள் உங்களை வெறுத்தால்கூட அதை உங்களிடம் எடுத்துச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. இதுவே அவருடைய வாதத்தின் ஆணிவேர்.

இந்தக் கடுமையில் உண்மை உண்டு என்பதற்குச் சேர்வராயன் மலையின் வரலாறே சாட்சி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழித்தோன்றல்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் இம்மலையில் நெடுங்காலமாக வாழ்பவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் இங்கே காப்பிப் பயிரையும் பழமரங்களையும் கொண்டுவந்தார். நாட்டுக்கு நன்மை என்றே அவர் கருதியிருப்பார், காப்பியும் செழித்தது. ஆனால், காலப்போக்கில் தோட்டங்கள் பெருகின. மலைமக்களில் பலர் அத்தோட்டங்களில் கூலி வேலை செய்வோர் ஆயினர். கீழிருந்து நன்மை கொண்டு வருபவர்களை அவர்கள் பலமுறை பார்த்திருக்கின்றனர். மாணவர்கள் அட்டைப் பெட்டிகளுடன் பேருந்திலிருந்து இறங்கும்போது, அவ்வூர் முதியவர் வாய் திறவாமல் நின்றால், அதை அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. அது நினைவாக இருக்கலாம்.

அப்படியானால், இல்லிச் சொன்னதே முடிவான தீர்ப்பா? யாரும் எங்கும் போக வேண்டாமா? அவ்வாறு கொள்வதும் தவறு. அண்டை வீட்டில் துன்பம் இருக்க, ‘கேட்காமல் உதவக் கூடாது’ என்னும் கொள்கையைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வது பண்பாடன்று. அது சோம்பலுக்கு அணிவிக்கும் நல்லாடை. போகாதிருப்பது ஒரு பிழை. கேளாமல் போவது மற்றொரு பிழை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருந்தாக வேண்டும்.

அவ்வழியைத் துணை, வழிகாட்டி என்னும் இரு சொற்களில் தேடலாம். இவ்விரு சொற்களையும் நாம் மிக எளிதாக வழங்குகின்றோம். நம் திட்டத்திற்குத் தலையசைப்பவரைத் துணை என்கின்றோம். மேடையில் அமர்ந்து வாழ்த்துபவரை வழிகாட்டி என்கின்றோம். உண்மையில், நம் திட்டத்தை ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டோ, அவரே துணை. நம்மை நடுவில் நிறுத்தி, ‘கணக்கைக் காட்டு’ என்று கேட்கும் தகுதி யாருக்கு உண்டோ, அவரே வழிகாட்டி. நன்கொடையாளர் வேறு, விருந்தினர் வேறு. மஷூரா என்று நாம் வழங்கும் கலந்தாலோசனையின் பொருளும் இதுவன்றோ? முடிவெடுத்தபின் அறிவிப்பதற்கு ஆலோசனை என்று பெயரில்லை.

மாணவர்கள் இத்தகைய துணைகளைத் தேடியதற்கு நம் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. அலிகார் கல்லூரியில் 1890-இல் ‘அஞ்சுமனுல் ஃபர்ள்’, அதாவது கடமைச் சங்கம், தோன்றியது. அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற சாஹிப்சாதா அஃப்தாப் அஹ்மது கான், பிற்காலத்தில் 1924 முதல் 1926 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஏழை மாணவர்களின் படிப்புக்குப் பொருள் திரட்டுவதே அச்சங்கத்தின் நோக்கம். விடுமுறை நாட்களில் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று, சமுதாயத்தின் வாயிற்படிகளில் நின்று கேட்டனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாருக்காகப் பொருள் திரட்டினார்களோ, அவர்கள் அதே கல்லூரியில் அருகே அமர்ந்து படித்த தோழர்கள். தேவை இன்னதென்று ஊகிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. ஆகவே அது ஒப்பளவில் எளிய காரியம். நம்மைப் போலல்லாதவர்க்கு, நாம் வாழாத மலையில், நாம் அறியாத வாழ்வினர்க்குத் தொண்டு செய்யப் போகும்போதுதான் உண்மையான சோதனை வருகின்றது.

அச்சோதனையில் தேறிய ஒரு முயற்சியைச் சேர்வராயன் மலைக்கு அண்மையிலேயே காணலாம். தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கும் மலையாளிப் பழங்குடியினரே மிகுதி. லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். கேரளத்தில் மருத்துவம் பயின்ற ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் இளம் மருத்துவத் தம்பதியர் 1993-இல் அங்கே பணி தொடங்கினர். அதற்கு முன் அவர்கள் செய்தவைதாம் நமக்குப் பாடம். காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை செய்தனர். அந்தக் காந்திகிராமம், மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவியது. பின்னர் ஓராண்டுக் காலம் நாட்டின் பல பகுதிகளில் சுற்றி, முன்பே இத்தகைய பணியில் இருந்தவர்களைக் கண்டு வந்தனர். அதன் பின்னரே சிட்லிங்கிக்கு வந்தனர்.

அங்கே முதல் மருத்துவமனை, ஊர் மக்களின் துணையோடு எழுப்பிய ஒரு குடிசை. அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னே மடிந்து வந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இருபதாகக் குறைந்தது. இதனை இரு மருத்துவர்கள் மட்டும் சாதித்துவிடவில்லை. அவ்வூர்ப் பெண்களையே தேர்ந்து, பயிற்சி தந்து, செவிலியராகவும் ஊர்நலப் பணியாளராகவும் ஆக்கினர். பின்னர் உழவர்கள் இயற்கை வேளாண்மைச் சங்கம் கண்டனர். லம்பாடிப் பெண்களின் பழைய பூத்தையல் அழியும் நிலையில் இருந்தபோது, அதனை இன்னும் மறவாதிருந்த மூதாட்டிகளே இளையோர்க்கு ஆசிரியர் ஆயினர். அவ்வாறு எழுந்த அமைப்பின் பெயர் ‘போர்கை’. லம்பாடி மொழியில் பெருமை என்பது பொருள். உதவ வந்தவர்கள் மாணவராகவும், உதவி பெற வேண்டியவர்கள் வழிகாட்டியாகவும் இடம் மாறிய நிலை அது. தொண்டு முறையாக நடைபெறுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

திட்டம் மக்கள் கையில் மாறுவதற்கும் இடம் விட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் நடந்தது. நோக்கம் எழுத்தறிவு. ஆனால், பல்லாயிரம் பெண்கள் அதனூடே மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர். எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தால் அவ்வியக்கம் குறுகிப் போயிருக்கும். கற்பிக்கவும் கற்கவும் வீட்டைவிட்டு வெளியே செல்ல வேண்டிய பெண்ணுக்கு எழுத்தும் சக்கரமும் சேர்ந்தே தேவைப்பட்டன.

இனி ஒரு கடினமான வினா. ஊராரைக் கேட்டே செய்ய வேண்டும் என்றால், ஊர்ப் பெரியோர் தவறானதைச் சொன்னால் என்ன செய்வது? பருவமெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது பல சமுதாயங்களில் இருந்த வழக்கம். நம் சமுதாயத்திலும் இருந்தது. அத்தகைய ஊரில் ஒரு சிறுமியின் படிப்புக்கு உதவ மாணவர்கள் விரும்ப, ஊர்க்கவுண்டர் மறுத்தால், ‘அவர் சொல்லிவிட்டார்’ என்று திரும்பிவிடலாமா? கூடாது. ஏனெனில், ஊர் என்பது முதலில் பேசுகின்றவர் மட்டுமன்று. யாருடைய வாழ்வு அங்கே முடிவு செய்யப்படுகின்றதோ, அவருடைய சொல்லுக்கே முதலிடம். அச்சிறுமியிடமும், அவள் தாயிடமும் யாரேனும் கேட்டார்களா? அவர்கள் விரும்புகின்றனர் எனில், பள்ளி ஆசிரியை, அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோர் அங்கே துணையாவர். பெரியவரையும் பகைக்காமல், மீண்டும் மீண்டும் சென்று பேச வேண்டும். சட்டம் தடுக்கும் கொடுமை நேருமாயின் சட்டத்தை நாடவும் வேண்டும். கேட்பது என்பது பணிந்துபோவதன்று. வலிமை குறைந்தவரின் குரலும் காதில் விழும்வரை கேட்பது.

‘சிட்லிங்கி மருத்துவர்கள் வாழ்நாளையே கொடுத்தனர், எங்களுக்கு இருப்பதோ ஏழு நாள்’ என்று மாணவர்கள் சொல்லக்கூடும். நியாயமான சொல். அதற்கு விடையும் உண்டு. எவ்வளவு காலம் பொறுப்பேற்க முடியுமோ, அவ்வளவு பெரிய காரியத்தையே தொடங்க வேண்டும். ஏழு நாளில் ஊற்றுவழியைச் சீர்செய்யலாம். எந்தெந்த வீட்டுக்கு எந்த அரசுச் சலுகை கிடைக்கவில்லை என்று ஊராரோடு அமர்ந்து எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் சேர்க்கலாம். இவ்வாண்டு சென்ற ஊருக்கே அடுத்த ஆண்டு மாணவரும் செல்லுமாறு கல்லூரி ஒழுங்கு செய்யலாம். மாணவர் மாறினாலும் மாறாதிருக்கும் ஓர் ஆசிரியர், ஊரில் ஒரு பெண்மணி என இருவர் அமைந்தால், ஏழு நாட்கள் ஏழாண்டுகளாக நீளும். வழிகாட்டி என்பவரின் முதற் கடமை இந்தத் தொடர்ச்சியைக் காப்பதே.

இதில் பெற்றோராகிய நமக்கும் பங்குண்டு. மகனோ மகளோ முகாமுக்குப் புறப்படும்போது, போர்வை எடுத்தாயா, மருந்து எடுத்தாயா என்று கேட்கின்றோம். மகளாயின், போகத்தான் வேண்டுமா என்றும் கேட்கின்றோம். அத்துடன் வேறு மூன்று கேள்விகளையும் கேட்போம். இந்த வேலையை அவ்வூரில் யார் கேட்டார்கள்? நீங்கள் வந்தபின் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? திரட்டிய பணத்தின் கணக்கை அவ்வூராரிடம் காட்டுவீர்களா? நம் பிள்ளைகள் இவற்றுக்கு விடை சொல்லத் தடுமாறினால் அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை முன்கூட்டியே அங்கே போய், கையில் எதுவும் கொண்டு செல்லாமல், திண்ணையில் அமர்ந்து கேட்டுவிட்டு வரச் சொல்வோம். பிறர் நம்பி ஒப்படைத்த உழைப்பும் பொருளும் அமானிதம். அதற்குக் கணக்கு உண்டு என்பதை நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்காமல் கல்லூரியில் எதிர்பார்ப்பது முறையன்று.

கொடுப்பவன் கை மேலே, பெறுபவன் கை கீழே என்னும் நிலையில் தொண்டு தொடங்கலாம். அதிலேயே முடிந்துவிடக் கூடாது. இரு கைகளும் ஒரே கல்லைத் தூக்கும் நாள் வர வேண்டும். எந்தப் பக்கம் கனம் அதிகம், எங்கே பிடிக்க வேண்டும் என்பதை அந்தக் கல்லோடு நெடுநாள் வாழ்ந்தவரே அறிவர். அவரைக் கேட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் கை கொடுக்கட்டும்.