மறுத்தலும் இம்சையோ?

ஆனி, ஆடித் திங்களில் சாரல் தொடங்கியதும் நம் குடும்பத்தாரில் சிலரும் தென்காசி வழியாகக் குற்றாலம் செல்வதுண்டு. பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுவோரும், நெரிசல் மிக்க சாலையில் அடிபடுவோரும் அங்கு உளர். முன்பின் அறியாத ஊரில், கையில் பணமின்றி, குருதி வழியும் ஒருவரைத் தூக்கிச் செல்கின்றோம் எனக் கொள்வோம். முதலில் தென்படும் மருத்துவமனை, "இது போலீஸ் கேஸ், வேறிடம் போங்கள்" என்று கதவடைக்கின்றது. கூறியவர் எவரையும் அடிக்கவில்லை, வையவுமில்லை. அவர் செய்தது இம்சையா?

சட்டம் 1989 ஆகஸ்ட் 28 அன்றே இதற்கு விடை கூறிவிட்டது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதி வீழ்ந்தார். அருகிலிருந்த மருத்துவமனை, காவல்துறை வழக்குகளைத் தாம் ஏற்பதில்லை என்று கூறி, 20 கி.மீ. தொலைவிலிருந்த வேறொன்றிற்கு அனுப்பியது. வழியிலேயே உயிர் பிரிந்தது. செய்தித்தாளில் இதனைக் கண்ட பரமானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றத்தை நாடினார். அரசு மருத்துவராயினும் தனியாராயினும் உயிர்காக்கும் சிகிச்சையை உடனே அளிக்கக் கடமைப்பட்டவரே, பிற நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று தீர்ப்பு வந்தது. பின்னர் 1996இல், இரயிலிலிருந்து விழுந்த கூலித் தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பல, படுக்கையில்லை என்பன போன்ற காரணங்களால் திருப்பியனுப்பிய வழக்கில், 25,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அந்நீதிமன்றம் ஆணையிட்டது.

சட்டத்திற்கு அஞ்சிச் செய்வது அறமாகுமா என நம்முள் சிலர் வினவுவர். ஔஷத தானமும் அபய தானமும் நால்வகைத் தானத்துள் அடங்குவன; தானமோ மனமுவந்து ஈவது; கட்டாயத்தில் புண்ணியமில்லை என்பது அவர்தம் வாதம். நமக்கு இது உடன்பாடன்று. தானமென்று பெயரிட்ட மாத்திரத்தில், ஈவதும் மறுப்பதும் ஈவோர் விருப்பமாகிவிடுகின்றன. புண்ணியக் கணக்கை மருத்துவர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளட்டும்! தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்னிறுத்துகின்றது. கையால் அடித்தல் ஒன்றே இம்சையெனின் அச்சொல்லுக்கு அங்கு வேலையில்லை. எதிரே உயிர் துடிப்பதைக் கண்டும் காணாதார்போல் கதவடைத்தவர் இம்சையே செய்தார் என்பது நம் துணிபு.

ஆயினும், சிற்றூர் மருத்துவமனையில் இரவில் ஒரே மருத்துவர் இருப்பார். தலைக்காயத்திற்கு அறுவை செய்யும் வசதியிராது. இயலாததை அவரிடம் எவரும் கேட்கவில்லை. குருதியை நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, குறிப்பெழுதித் திருநெல்வேலிக்கு அனுப்புவது வேறு. வண்டியிலிருந்து இறக்காமலே அனுப்புவது வேறு. தென்காசியிலிருந்து அது 50 கி.மீ.க்கும் மேல்.

செலவை யார் ஏற்பது என்பதும் நியாயமான கேள்வியே. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் செலவைத் தமிழக அரசு ஏற்கின்றது. பாறையில் வழுக்கியவர்க்கு அத்திட்டம் பொருந்தாது. கடமை மட்டும் பொருந்தும்.

இனி ஒன்று. நள்ளிரவில் வாயிலில் நிற்பவர் மருத்துவரல்லர், காவலாளி. பயிற்சியற்றவரைத் தனியே வகுப்பிற்கு அனுப்பலாகாது என ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டு வலியுறுத்தி வந்தோம். மருத்துவமனை நடத்துவோர் நம் சமூகத்தில் இருப்பின், அக்காவலாளியை அழைத்து, யாரையும் திருப்பியனுப்பாமல் முதலில் மருத்துவரை எழுப்புமாறு இன்றே சொல்லிவைப்பாராக.