சமபங்கும் நீதியும்

பெரியப்பாவுக்கு எண்பது வயது நடந்தபோது அவருடைய மகன் ஒருநாள், "அப்பா, ஒரு மரணசாசனம் எழுதி வைச்சால் நல்லது" என்று மெல்லத் தொடங்கினார். பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "என்னடா, நான் சாகிறதுக்கு நாள் பாக்கிறியோ?" அதோடு அந்தப் பேச்சு நின்றது. நான்கு வருடம் கழித்து அவர் போனார். பெரியம்மா முன்னமே போய்விட்டார். ஸ்காபரோவில் ஒரு வீடும் வங்கியில் கொஞ்சப் பணமும் மிச்சம். மூன்று பிள்ளைகளும் இன்று ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

மூவரையும் எனக்குத் தெரியும். எவரும் பேராசைக்காரர் அல்லர். மூத்த அக்கா ஊரிலேயே கல்யாணம் முடித்தவர். அங்கிருந்த வீடும் காணியும் அவருக்குச் சீதனமாகப் போயின. போரில் அந்த வீடு தரைமட்டமானது. "எனக்கு என்ன மிஞ்சினது?" என்று அவர் கேட்கிறார். அண்ணா இரண்டு வேலை செய்து பத்து வருடம் இந்த வீட்டின் கடனைக் கட்டினார். வீட்டு உறுதியில் அவர் பெயர் இல்லை. தங்கை கடைசி ஆறு வருடம் வேலையை விட்டுவிட்டு, தகப்பனைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழும்பி எழும்பிப் பார்த்தவள்.

வாழ்க்கைத்துணை இல்லாதவர் மரணசாசனமும் எழுதாமல் இறந்தால், ஒன்ராறியோச் சட்டம் அவருடைய சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கிறது. யார் பார்த்தார், யார் கட்டினார் என்று அந்தப் பங்கீட்டு விதி கேட்பதில்லை. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக ஏற்ற தேசவழமையின் கணக்கு வேறு. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை வகைபிரித்தது. சீதனம் வாங்கிப்போன பெண் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பது அதன் பழைய முறை. அந்தக் கணக்கில் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தங்கையின் ஆறு வருடம் தேசவழமைக்கும் தெரியாது.

இந்த மூன்று கணக்கையும் ஒன்றாக அறிந்திருந்தவர் பெரியப்பா ஒருவரே. "பிள்ளைகள் தங்களுக்கை பாத்துக்கொள்ளுவினம்" என்று அவர் சொல்லுவார். கேட்க அது நம்பிக்கை போலத்தான் இருந்தது. ஆனால் தான் முகம்கொடுக்க விரும்பாத கேள்வியை, அதற்கு நடுநின்று பதில் சொல்லவே முடியாதவர்களிடம் அவர் விட்டுப்போனார். எழுதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அதன் பாரத்தைச் சுமப்பவர்கள்தான் வேறு.

எழுதினால் மட்டும் நோகாதா என்று கேட்கலாம். நோகும். கூடக்குறையப் பிரித்தால், பெற்றோரின் அன்பை அளந்த தராசாகவே பிள்ளைகள் அதை வாசிப்பார்கள். ஏன் என்று திருப்பிக் கேட்க அப்போது ஆள் இருக்காது. அதனால்தான் பலர் சமபங்கில் ஒதுங்குகிறோம். அது சில வேளை நீதி. சில வேளை விளக்கம் சொல்லப் பயந்த மௌனம். சமமாகப் பிரிப்பதோ இல்லையோ, காரணத்தை உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடுவதுதான் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன் என்று நினைக்கிறேன்.

இது வயதானவர்களின் விடயம் மட்டுமல்ல. இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் கல்யாணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒன்ராறியோவில் அப்படி ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், எத்தனை வருடம் கூட வாழ்ந்தாலும் அந்தத் துணைக்கு வாரிசுப் பங்கு இல்லை. சீவியத்துக்கு உதவி வேண்டி நீதிமன்றம் போகலாம்.

முறை ஒன்றும் பெரிதல்ல. முழுவதும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டால் இங்கே சாட்சி இல்லாமலே செல்லும். தட்டச்சில் என்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சி வைக்கக்கூடாது. நினைவு தவறினால் வைத்தியம் பற்றியும் பணம் பற்றியும் யார் முடிவெடுப்பது என்பதற்குத் தனிப் பத்திரங்கள் உண்டு. பெரியப்பாவிடம் அவையும் இருக்கவில்லை. கடினம் எழுத்தில் இல்லை, அந்தப் பேச்சைத் தொடங்குவதில் இருக்கிறது.

சென்ற மாதம் நானும் மனைவியும் எங்களுடையதை எழுதினோம். கையெழுத்து வைக்குமுன் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரைவை வாசித்துக் காட்டினோம். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனப்பா இப்ப?" என்றாள்.

"இப்பவெண்டால் நீ என்னோட சண்டை பிடிக்கலாம்" என்றேன்.

பிடித்தாள். ஒரு பந்தியை மாற்றினோம்.